தார்ப்பாய் இழுத்த வருஷம்

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். என் மகன் சேவியர் அவன் அம்மாவிடம், "அப்பா சொல்கிற அந்த லீக்கெல்லாம் கணக்கிலேயே கிடையாதாம்" என்றான். என்னிடம் சொல்லவில்லை. என்னை எதிரில் வைத்துக்கொண்டு, நான் ஏதோ சுவரில் மாட்டிய படம் மாதிரி, அவளிடம் சொன்னான். ஒன்பது வயதாகிறது பயலுக்கு.

இந்த அமெரிக்க ஊர்ப் பிள்ளைகளுக்குக் கால்பந்து என்றால் உயிர். காலால் உதைப்பது அபூர்வம். உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், மற்றவர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். அதற்குப் பெயர் கால்பந்து. சேவியரின் தோழன் வீட்டில் அந்த ஆட்டத்தின் சரித்திரம் முழுவதும் அடங்கிய தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறதாம். யார் எத்தனை கஜம் ஓடினான், எந்த வருஷம் யார் கோப்பை வாங்கினான் எல்லாம் அதில் உண்டாம். நான் வேலை பார்த்த அணி மட்டும் இல்லையாம். யுத்தம் முடிந்த மறுவருஷம் புதிதாக ஒரு லீக் தொடங்கினார்கள். நாலே வருஷத்தில் கடையைக் கட்டிவிட்டார்கள். பழைய லீக்காரர்கள் அந்த நாலு வருஷத்து ஆட்டங்களைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"சாப்பிடு" என்றாள் ஹெலன், அவனிடமா என்னிடமா என்று தெரியவில்லை. நான் மண்வாரியை எடுத்துக்கொண்டு வாசல் பனியை வாரப் போய்விட்டேன். இந்த ஏரிக்கரை ஊரில் கோபித்துக்கொண்டு வெளியே போகிற ஆண்பிள்ளைக்கு இந்த ஒரு வசதி உண்டு. வருஷத்தில் ஐந்து மாதம் வாரப் பனி கிடக்கும்.

வாரிக்கொண்டிருக்கும்போதுதான் இதை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. பையனுக்குச் சொல்லலாம். ஆனால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். என் ஆங்கிலம் அவனுக்குச் சிரிப்பு. அவனுடைய தமிழ் 'மீன்', 'வா', 'போதும்' என்பதோடு சரி. இந்தக் கதையிலோ ஓர் இடம் இருக்கிறது, அது தமிழ் தெரிந்தவனுக்கு மட்டும்தான் விளங்கும். அன்றைக்கு அந்த மைதானத்தில் அது விளங்கிய ஒரே ஆள் நான்தான்.

2

நான் ராயபுரத்துக்காரன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் கப்பலில் கரி அள்ளப் போனேன். அதே கப்பலில் தண்டையார்பேட்டைக் காதர் பாய் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கப்பலுக்கு வருமுன் மெட்ராஸ் ஆர்பரில் கூலிக் கூட்டத்துக்குக் குரல் கொடுக்கிறவராக இருந்தவர். கிரேன் எட்டாத இடத்தில் பெரிய சரக்கை ஆட்கள் கயிறு கட்டி இழுப்பார்கள் அல்லவா, அப்போது ஒருவன் நின்று பாட்டுக் கட்டுவான், மற்றவர்கள் 'ஐலசா' என்று சொல்லி ஒரே மூச்சாக இழுப்பார்கள். அந்த ஒருவன் காதர் பாய். குட்டையான உருவம். குரல் மட்டும் கப்பல் சங்கு.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் கப்பல் நியூயார்க்கில் நின்றது. எனக்கு நிமோனியா. ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கப்பல் புறப்படும் நாள் வந்தது. காதர் பாய் ஏறவில்லை. "ஒயிங்கா மூச்சு வுடத் தெரியாத பயல எப்டி வுட்டுட்டுப் போறது?" என்று ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே குந்திவிட்டார். நான் பிழைத்து எழுந்தபோது கப்பலும் இல்லை, கையில் வேலையும் இல்லை. அப்படித்தான் இரண்டு பேரும் ரயில் ஏறி இந்த ஊர் உருக்காலைக்கு வந்து சேர்ந்தோம்.

ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு ஆபீஸ் ஏறி இறங்குவதுதான் திவசம் மாதிரி, விடாமல் வரும். குடியேற்ற ஆபீசில் என்னை என்ன இனம் என்று கேட்டார்கள். "கத்தோலிக்கன், தமிழன்" என்றேன். காதர் பாய், "முசல்மான்" என்றார். எழுதிக்கொண்டவர் இரண்டு பேருக்கும் 'இந்து' என்று போட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இந்தியாவிலிருந்து யார் வந்தாலும் அவர்களுக்கு இந்துதான். காதர் பாய் வெளியே வந்து, "நைனா, உனக்கும் எனக்கும் சண்ட போட ஒண்ணுமே இல்லாம பண்ட்டானுங்க" என்றார்.

ஒரே அறையில் இருந்தோம். அந்த ஊரில் எங்கள் பாஷை பேச வேறு ஆள் கிடையாது. சண்டை, சமையல், கணக்கு, கெட்ட வார்த்தை, எல்லாம் நாங்கள் இருவருக்குள்தான். ஏரி மீனில் குழம்பு வைத்து, புளி இல்லாமல் எலுமிச்சை பிழிந்து, இரண்டு பேரும் முகம் சுளித்துக்கொண்டே சட்டியைக் காலி செய்வோம். எனக்கு அது போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், ரொம்பவே போதுமாக இருந்தது.

3

யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் திரும்பியதும் உருக்காலையில் எங்களை வேண்டாம் என்றார்கள். அந்த இலையுதிர் காலத்தில்தான் புது லீக் வந்தது. எங்கள் ஊருக்கும் ஓர் அணி. மைதானத்து வேலைக்கு ஆள் எடுத்தார்கள். கோடு போட வேண்டும், புல் வெட்ட வேண்டும், மழையோ பனியோ வந்தால் மைதானம் முழுவதையும் பெரிய தார்ப்பாயால் மூட வேண்டும், ஆட்டத்துக்கு முன் இழுத்து எடுக்க வேண்டும். மேஸ்திரி பெயர் ஸ்டான், போலந்துக்காரர். ஆட்களில் போலந்துக்காரர்கள், அயர்லாந்துக்காரர்கள், கறுப்பினத்தார் இருவர், நாங்கள் இருவர்.

முதல் ஆட்டத்தன்று காலையில் நல்ல மழை. தண்ணீர் குடித்த தார்ப்பாய் செத்த திமிங்கிலம் மாதிரி கிடந்தது. ஸ்டான் விசில் ஊதுவார், ஆளாளுக்குத் தோன்றியபோது இழுப்பார்கள். பாய் அசையவில்லை. காதர் பாய் கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னா இஸ்துகினு கீறானுங்க, கொயந்த புள்ள சட்டைய இஸ்துகினு வர மாதிரி" என்று சொல்லிவிட்டு, கயிற்று முனைக்குப் போய் நின்று குரலை எடுத்தார்.

"ஸ்டான் மேஸ்திரி தொப்பையில—"

நான் மட்டும், "ஐலசா" என்றேன்.

"ரெண்டு மூட்ட சக்கர கீது—"

"ஐலசா." இந்தத் தடவை பக்கத்தில் இருந்த போலந்துக்காரனும் சேர்ந்துகொண்டான். பாட்டு எப்போது முடிகிறது, இழுப்பு எப்போது விழுகிறது என்பது உடம்புக்குத் தானே தெரிந்துவிடும், பாஷை வேண்டியதில்லை. நாலாவது அடிக்கு எல்லோரும் 'ஐலசா' என்றார்கள். தார்ப்பாய் சரசரவென்று வந்தது. ஸ்டான் என்னிடம் வந்து, "உன் சிநேகிதர் என்ன பாடுகிறார்?" என்று கேட்டார். "ஜெபம்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

ஆட்டத்தைப் பார்த்தபோதுதான் எங்களுக்குக் குழப்பம். எங்களுக்குத் தெரிந்தது கடற்கரைச் சடுகுடு. ஒருவன் பந்தை வைத்துக்கொண்டு எதிரிக் கூட்டத்துக்குள் ஓடுகிறான், அவர்கள் பிடித்து அமுக்குகிறார்கள், சரி, சடுகுடுதான். ஆனால் வாயே திறக்காமல் போகிறானே. "பாட்ட காணோமே, மூச்சு வுட்டுட்டான், அவுட்டு" என்று காதர் பாய் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். அமுக்கப்பட்டவன் எழுந்து சாவகாசமாக மறுபடி ஆட நின்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. "பிடிபட்டவன் வெளிய குந்த வேணாம்? இன்னா கலீஜு ஆட்டம் இது."

அன்றைக்கு எங்கள் அணி தோற்றது. அது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை, அப்போது.

மைதானத்தில் காபி விற்றுக்கொண்டிருந்த பெண்தான் ஹெலன். ஈரத்தில் நடுங்கி நின்ற எங்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். காதர் பாய், "மாமு, அந்தப் பொண்ணு கோப்பைய பாக்காம உன் மூஞ்ச பாத்து ஊத்துது. கை சுட்டுக்கப்போற" என்றார்.

4

அக்டோபரில் சிட்டகாங்கைச் சேர்ந்த ஒரு மாலுமி நியூயார்க்கிலிருந்து வந்தார். காதர் பாய்க்கு ஊரிலிருந்து வாய்வழிச் செய்தி கொண்டுவந்திருந்தார். மாமா மகள் மைமூனாவை வேறு எங்கும் கொடுக்காமல் இத்தனை வருஷம் வைத்திருக்கிறார்கள். வருகிறவர் வந்தால் நிக்கா, வராதவர் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். ஜனவரியில் பம்பாய் போகிற கப்பல் ஒன்றில் இடம் இருக்கிறது, பிடித்து வைக்கிறேன் என்றார் அவர்.

காதர் பாய் அன்றும் அடுத்த நாளும் பாத்திரம் தேய்த்தார், தொழுதார், படுத்தார். அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. அந்த வருஷம்தான் இந்தியர்களும் இந்த நாட்டுக் குடியுரிமை கேட்கலாம் என்று சட்டம் வந்திருந்தது. நான் அதைத் தினமும் ஏதாவது சாக்கில் நினைவுபடுத்தினேன். மைமூனாவை இங்கேயே அழைத்துக்கொள்ளலாம் என்றேன். இந்தியாவிலிருந்து வருஷத்துக்கு நூறு பேருக்குத்தான் இடம் என்பதை மட்டும் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும்.

ஒரு நாள் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தோம். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்: "நான் போய்ட்டா நீ இன்னா பண்ணுவ?"

"எனக்கு இன்னா பாய், நான் இருப்பேன்" என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

"உன்ன தனியா வுட்டுட்டு எப்டி போறது? நானும் ரோசன பண்ணி ரோசன பண்ணி பேஜாராப் பூட்டேன். இனிமே நான் ரோசன பண்ண மாட்டேன். இந்த பயலுவோ பண்ணட்டும்." கோடு போடுகிற வண்டியை நிறுத்தி, ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்கிற பக்கம் கையைக் காட்டினார். "இந்த கிரவுண்டுல மீதி கீற ஆட்டத்துல ஒரே ஒண்ணு கெலிச்சாலும் நான் இங்கயே குந்திடறேன். அல்லாத்துலயும் தோத்தா, கப்பல் ஏறிடறேன். நீ இன்னா சொல்ற?"

"சொன்னா சொன்னதுதானா?"

"காதரு என்னிக்கி மாத்திப் பேசினான்?"

கையில் சுண்ணாம்போடு கை கொடுத்தோம். வெற்றி, தோல்வி, இந்த இரண்டைத் தவிர ஓர் ஆட்டம் வேறு எப்படி முடியும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. ராயபுரம் கடற்கரையில் சடுகுடு சரிசமமாக நின்றால் விளக்கு வைத்த பிறகும் ஆடுவோம். இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் முழங்கால் தோல் போய், கடைசியில் ஒருவன் மூச்சு விட்டுக் கவிழ்ந்த பிறகுதான் வீட்டுக்குப் போவோம். தீராமல் கலைந்த ஆட்டம் என்று ஒன்று எங்கள் ஊரில் கிடையாது.

5

அன்று முதல் நான் வெறியனாகிவிட்டேன். ஆட்டத்தின் விதிகளை ஸ்டானிடமும் ஹெலனிடமும் கேட்டுக் கேட்டுக் கற்றேன். எங்கள் ஆட்டக்காரர்களின் கால், கை, சளி, காய்ச்சல் எல்லாம் எனக்குத் தெரியும். கோவிலில் என் பெயர் கொண்ட புனிதருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். காணாமல் போன பொருளைத் தேடிக் கொடுக்கிறவர் அவர். நான் காணாமல் போகாமலிருக்கவே கேட்டுக்கொண்டேன். சாமியார் ஒரு நாள், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று பரிவோடு விசாரித்தார். அணி தோற்கிறது என்று எப்படிச் சொல்வது? "வீட்டில் கொஞ்சம் கஷ்டம்" என்றேன்.

எங்கள் அணியோ தோற்பதில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஜெயிக்கிற ஆட்டத்தைக் கடைசி நிமிஷத்தில் கை நழுவ விடும். வெளியூரில் போய் ஒன்றை ஜெயித்துவிட்டு வந்தது, அது எனக்கு எதற்கு? உள்ளூரில் வாரா வாரம் மண்ணைக் கவ்வியது. லீக்கே தள்ளாடுகிறது என்று பேசிக்கொண்டார்கள். தெற்கே வெயில் அடிக்கிற ஊர் அணி ஒன்று அடுத்த வருஷம் இருக்காது என்று ஸ்டான் சொன்னார். அவர் கவலை அது. என் கவலை வேறு.

காதர் பாய் மட்டும் எப்போதும்போல இருந்தார். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் என் தோளைத் தட்டி, "வுடு மாமு, இன்னும் ஆட்டம் கீது" என்பார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் தார்ப்பாய்க்குக் குரல் கொடுப்பார். அந்தக் காலத்தில் சீக்கிரம் வந்து சேர்ந்த ரசிகர்கள் மேல்படியில் உட்கார்ந்து எங்களோடு 'ஐலசா' சொல்வார்கள். ஆட்டத்தைவிட அது நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. அவருக்கு எந்தப் பக்கம் மனசு என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

6

உள்ளூரில் கடைசி ஆட்டம். முந்தின நாள் முழுக்கப் பனி கொட்டியது. காலையில் போய்ப் பார்த்தால் தார்ப்பாய் எங்கே, தரை எங்கே என்று தெரியவில்லை. மேலே பனியை வாரித் தள்ளினோம். கீழே தார்ப்பாய் புல்லோடு புல்லாக உறைந்து ஒட்டிக் கிடந்தது. எதிரணி மேலாளர் வந்து பூட்ஸால் தட்டிப் பார்த்துவிட்டு, பதினைந்து நிமிஷத்தில் இது எழும்பாவிட்டால் தங்கள் அணி ஆடாது, ஆட்டம் ரத்து என்றார். அது பருவத்தின் கடைசி வாரம். ரத்தானால் மறுபடி ஆட நாள் இல்லை.

ஆட்டம் நடக்காவிட்டால் ஜெயிக்க வழியே இல்லை. காதர் பாய் அன்று தொண்டை கட்டியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், கப்பல் அவருடையது. யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் கழுத்துத் துணியை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கயிற்று முனைக்குப் போனார்.

முதல் இரண்டு அடி வழக்கம்போல ஸ்டான் மேஸ்திரியின் தொப்பை. பாய் அசையவில்லை. மூன்றாவது அடி எதிரணி மேலாளரின் மீசை. அசையவில்லை. காதர் பாய் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்தார். அடுத்து அவர் பாடியது நான் அதுவரை கேட்காத பாட்டு.

"ஆர்பர் கேட்டு தாண்டிகினு—"

"ஐலசா."

"ராயபுரம் பாலம் ஏறிகினு—"

"ஐலசா." ஓரத்தில் எங்கோ படீரென்று பனி விட்டது.

"கல்மண்டபம் பக்கம் திரும்பிகினு—"

"ஐலசா."

"தண்டையார்பேட்ட தெருவுல—"

"ஐலசா."

"பச்ச கதவு வூடு ஒண்ணு கீது—"

"ஐலசா."

"கதவு தொறந்து கீது, தொறந்து கீது—"

போலந்துக்காரர்களும் அயர்லாந்துக்காரர்களும் படியில் உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கான பேரும் தொண்டை கிழிய ஐலசா என்றார்கள். தார்ப்பாய் பிய்த்துக்கொண்டு கிளம்பி வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நான் இழுத்துக்கொண்டே அழுதேன். அத்தனை பேர் நடுவில் ஒரு மனிதர் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார், அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. நான் அழுவதைப் பார்த்த ஹெலன் குளிரினால் என்று நினைத்து, ஓடி வந்து காபி கொடுத்தாள்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் பயல்கள் அன்று பார்த்து உயிரைக் கொடுத்து ஆடினார்கள். நான் ஒரு பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று பல்லைக் கடித்தேன். மறு பக்கம், அவர்கள் பந்தோடு முன்னேறும்போதெல்லாம் அந்தப் பச்சைக் கதவு கண்ணில் வந்தது. வாரக்கணக்காக வேண்டிக்கொண்டவன் அன்று வேண்டுவதை நிறுத்திவிட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

கடைசி விசில் ஊதியது. பலகையில் இரண்டு பக்கமும் பதினான்கு.

யாரும் கூச்சல் போடவில்லை. ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டு உள்ளே போனார்கள், ஜனங்கள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டு படி இறங்கினார்கள். நான் ஸ்டானிடம் ஓடினேன். "இன்னும் ஆடுவார்கள்தானே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சமம். யாரும் ஜெயிக்கவில்லை, யாரும் தோற்கவில்லை. முடிந்தது. போய்த் தார்ப்பாயை மடியுங்கள்" என்றார்.

திரும்பி வந்தேன். காதர் பாய் சுருட்டிய கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். தொண்டை போயிருந்தது. கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது.

"இன்னா மாமு ஆச்சு? யாரு கெலிச்சது?"

எண் தெரியாதவர் இல்லை அவர். வாழ்நாள் முழுக்கச் சரக்குப் பெட்டிகளின் எண் பார்த்து இழுத்தவர். பலகை அவருக்கு நேர் எதிரேதான் இருந்தது. இருந்தும் என்னைக் கேட்டார். ரோசனை பண்ண மாட்டேன் என்று அவர் விட்ட இடத்தில் அந்தப் பயல்களும் ரோசனை பண்ணாமல் விட்டுவிட்டார்கள். இனி நான்தான்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்த அன்று அவர் பெஞ்சில் குந்தியிருந்தது நினைவுக்கு வந்தது.

"தோத்துட்டோம் பாய்" என்றேன். "நீ கெளம்பு."

அவர் பலகையைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, விறைத்துப்போன தன் இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமா மாமு" என்றார். "ஸோக்கா தோத்துட்டோம்."